ஓடைக்கு இந்தப் பக்கத்துப் பூண்டு

இடது கை பூண்டைக் கால் சுற்று திருப்புகிறது. வலது கையில் இருக்கும் கத்தரி வேர்களை நறுக்குகிறது. வேர் முளைக்கும் அடித்தட்டில் கத்தரி படக் கூடாது, ஓர் இழையும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பிறகு கட்டைவிரல் பூண்டின் கழுத்திலிருந்து கீழே ஒரு முறை இறங்குகிறது. மண் படிந்த மேல்தோல் ஒன்று மட்டும் கழன்று மடியில் விழுகிறது. பூண்டு மூக்கருகே போய் வருகிறது. கடைசியாக, இடுப்புக் கயிற்றில் தொங்கும் மூன்று பித்தளை வளையங்களில் ஒன்றில் நுழைகிறதா என்று பார்க்கப்படுகிறது. நுழைந்தால் வலப்பக்கக் கூடை, நுழையாவிட்டால் இடப்பக்கக் கூடை. இவ்வளவும் முடிய ஒரு கொட்டாவி விடுகிற நேரம்தான் ஆகும். நடுவில் நாம் ஏதாவது கேட்டுவிட்டால் மட்டும், பதில் வருவதற்குள் கூடையே நிறைந்துவிடும்.

"ரெண்டு தோல் உரிச்சா இன்னும் பளபளன்னு இருக்குமேக்கா" என்று கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"தோலை உரிச்சா நீயும்தான் பளபளன்னு இருப்பே. எத்தனை நாள் இருப்பேன்னு சொல்லு."

அவருடைய பெயர் பூண்டுச் சங்கத்தின் பதிவேட்டில் இருக்கிறது. வேறெங்கும் அது புழங்குவதில்லை. எல்லோருக்கும் அவர் வளையக்கா. வயது ஐம்பத்து மூன்று. அந்த மூன்று வளையங்களையும் பட்டறையில் பக்கத்திலேயே நின்று அடிக்க வைத்து வாங்கியவர். நான்கு வருடங்களுக்கு முன் சங்கம் எல்லோருக்கும் அளவுத் துளை போட்ட பிளாஸ்டிக் தட்டு கொடுத்தது. கொண்டுவந்த அதிகாரியை உட்கார வைத்துவிட்டு, அந்தத் தட்டை ஒரு மணி நேரம் வெயிலில் போட்டு எடுத்து, துளையின் மேல் வளையத்தை வைத்துக் காட்டினார். "பாருங்க. காலையில ஒரு அளவு, மத்தியானம் ஒரு அளவு." எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதிகாரிக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லத் துணிச்சல் இருவருக்கும் இல்லை. தட்டு இப்போது குழாயடியில் சோப்பு வைக்க உதவுகிறது. துளை இருப்பதால் தண்ணீர் தேங்குவதில்லை என்று அதற்கு ஒரு நற்சான்றும் கொடுத்திருக்கிறார்.

பதினோரு வருடமாக அவருக்கு மரப்பெட்டி அடித்துக் கொடுக்கிறேன். ஒரு பெட்டிக்குப் பத்துக் கிலோ பூண்டு. பெட்டியைக் கொண்டுபோய் இறக்கினால் உள்ளே கையை விட்டு ஒரு சுற்றுத் தடவிவிட்டு, "குத்துது" என்பார். எங்கே குத்துகிறது என்று காட்ட மாட்டார். "உங்க பெட்டி. நீங்கதான் தேடணும்." தேடினால் ஏதோ ஒரு மூலையில் ஆணித் தலை மயிரிழை அளவு தூக்கிக்கொண்டு இருக்கும். அவர் சொல்வது தப்பாக இருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போகலாம். சரியாகவே இருந்து தொலைக்கிறது.

இந்த மலைச்சரிவில் விளையும் பூண்டுக்குச் 'சரிவுப் பூண்டு' என்ற பெயரில் புவிசார் குறியீடு கிடைத்துப் பதினான்கு வருடமாகிறது. ஓடைக்கு இந்தப் பக்கம் விளைந்தால்தான் அந்தப் பெயர். அந்தப் பக்கம் விளைந்தது வெறும் பூண்டு. எல்லைக்கு ஒரு வரைபடம் இருக்கிறது. வரைபடத்தில் இருக்கிற நிலத்தின் அளவைப் பார்த்துச் சங்கம் எண் போட்ட சீட்டுகளை வளையக்காவிடம் கொடுக்கும். ஒரு பெட்டிக்கு ஒரு சீட்டு. அவர் கட்டிய சீட்டு இருந்தால்தான் பெட்டி நகரத்தில் அந்தப் பெயரோடு விலைபோகும். இருபத்து மூன்று குடும்பங்கள் அவரிடம் பூண்டைக் கொண்டுவந்து போடுகின்றன. அவரிடமிருந்து நகரத்து மொத்தக்காரர் ஒருவர் வாங்கிக் கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் கொடுக்கிறார்.

இத்தனை பேருக்கும் நடுவில் ஒப்பந்தம் என்று ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. யார் எந்தக் கிழமை கொண்டுவர வேண்டும் என்று அவர் சொல்வார். செவ்வாய்க்கிழமைக்காரர் புதன்கிழமை வந்தால் மூட்டை வாசலிலேயே அடுத்த செவ்வாய் வரை கிடக்கும். மழை வந்தால் அவரே தார்ப்பாய் போட்டு மூடுவார், உள்ளே மட்டும் எடுக்க மாட்டார். அறுவடைக்கு முன்னால் ஒவ்வொரு நிலத்துக்கும் நடந்து போய் வரப்பில் நின்று பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிவிடுவார். நிலத்துக்காரர்களுக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்காது.

தொலைபேசியைக் கையால் தொட மாட்டார். அது ஆணியில் தொங்கும் ஒரு துணிப்பையில் இருக்கும். மணி அடித்தால் கணவர் எடுக்க வேண்டும். லாரி ஓட்டி ஓய்ந்தவர், எதற்கும் பதறாதவர். மொத்தக்காரர் அந்தப் பக்கத்திலிருந்து கத்துவார். கணவர் அதைப் பாதியாகக் குறைத்து, பதமாகச் சொல்வார். வளையக்கா பூண்டைப் பார்த்தபடியே, தொலைபேசிக்கும் கேட்கிற குரலில் கணவருக்குப் பதில் சொல்வார்.

"என்னைக்குக் கிடைக்கும்னு கேக்கறாரு."

"ஆனதும் கிடைக்கும்னு சொல்லுங்க."

"ஆனதும் கிடைக்குமாம் தம்பி... ஆமா, அவ கேட்டுட்டுதான் இருக்கா... இல்ல, வர மாட்டா. கை வேலையா இருக்கா."

மொத்தக்காரர் இந்த முறையில் ஒன்பது வருடம் வியாபாரம் செய்திருக்கிறார். ஒவ்வொரு வருடமும் இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

போன மாதம் அவர் பெரிய இடம் ஒன்றைப் பிடித்திருந்தார். பல ஊர்களில் ஓட்டல் நடத்துகிறவர்கள். முதல் தவணையாக முந்நூறு பெட்டி, வியாழக்கிழமை மதியம் லாரி ஏற வேண்டும். ஒன்று குறைந்தாலும் வேறு ஊர்ப் பூண்டுக்குப் போய்விடுவோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். அது கைநழுவினால், இந்த வருடம் பழைய கடைகளும் பாதிக்கு மேல் நின்றுபோயிருந்த நிலையில், இருபத்து மூன்று வீட்டுப் பூண்டும் பொதுச் சந்தையில் குவியலோடு குவியலாகப் போக வேண்டியதுதான். வளையக்கா மனக்கணக்குப் போட்டு, "முந்நூறு உண்டு" என்று சொல்லியிருந்தார். அவர் வாயிலிருந்து ஓர் எண் வருவது அபூர்வம். வந்தால் மாறாது.

திங்கட்கிழமை காலை அவருடைய தம்பி வேனில் பூண்டு கொண்டுவந்து இறக்கினார். முப்பத்தெட்டுப் பெட்டிக்கு உண்டானது. அது வந்துவிட்டால் முந்நூறு நிறைந்தது. பெட்டிகளை அடுக்கிக்கொண்டு நானும் அங்கேதான் இருந்தேன். தம்பி ஒரு மூட்டையின் வாயைப் பிரித்து, இரண்டு பூண்டை எடுத்து இரண்டு உள்ளங்கையிலும் வைத்து நீட்டினார்.

"எவ்ளோ பெருசு பாருக்கா. இந்த மலையிலயே ஒருத்தனுக்கும் இப்படி வரலை."

வளையக்கா ஒன்றை வாங்கினார். கட்டைவிரல் கழுத்துக்குப் போனது. அங்கேயே நின்றது. அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். பிறகு மூட்டையின் அடியில் கையை விட்டு ஒன்று. அடுத்த மூட்டையில் ஒன்று. கிடங்கில் இருந்த ஐந்து பெண்களும் கத்தரியை நிறுத்திவிட்டார்கள்.

"பெருசு இல்லடா. வீக்கம்" என்றார்.

சரிவில் வளரும் பூண்டின் கழுத்து ஒரு பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருக்கும். நிலம் சாய்ந்திருக்கிறது, பூண்டின் இலைத்தாள் நேராக மேலே போகப் பார்க்கிறது, அதனால் வருகிற சாய்வு. கண்ணுக்குத் தெரியாது, பழகிய கட்டைவிரலுக்குத் தெரியும். தம்பியின் பூண்டு ஒவ்வொன்றும் விறைத்துக்கொண்டு நேராக நின்றது.

கதை இதுதான். இரண்டு வருடங்களுக்கு முன் பெய்த பெருமழையில் ஓடை தன் தடத்தை விட்டுவிட்டுத் தம்பியின் நிலத்துக்கு இந்தப் பக்கமாகப் புகுந்து ஓடத் தொடங்கியது; நிலம் அந்தப் பக்கமாகிவிட்டது. போகிற போக்கில் இடுப்பளவு வண்டலைக் கொட்டிச் சரிவைச் சமதரையாக்கிவிட்டது. ஒரு வருடம் நிலம் சும்மா கிடந்தது. இந்த வருடம்தான் முதல் விளைச்சல். விதைப்பூண்டு அதே வீட்டுப் பரணிலிருந்து எடுத்தது, நட்டது அதே கை. வரைபடத்திலோ ஓடை இன்னும் பழைய இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. நிலம் உள்ளே இருந்தது. சங்கம் முப்பத்தெட்டுச் சீட்டும் கொடுத்திருந்தது.

"ஓடை நகந்ததுக்கு நான் என்னக்கா பண்ணுவேன்? நானா தள்ளி விட்டேன்?"

"நீ நகரலை. பூண்டும் நகரலை. மண்ணு நகந்துடுச்சு. இது தண்ணி குடிச்ச பூண்டு. நாலாம் மாசம் முளை விட்டுடும். நம்ம பேரைப் பாத்து வாங்கறவன் ஆறு மாசம் வெச்சுக்கலாம்னு வாங்கறான்."

"அவன் ஓட்டல்காரன்கா. நாலே நாள்ல வதக்கிடுவான்."

"அப்ப அவனுக்கு எதுக்குச் சரிவுப் பூண்டு?"

வாதத்தில் தோற்கிறவர்கள் செய்வதைத் தம்பியும் செய்தார். அக்காவின் கணவரைத் துணைக்கு அழைத்தார். "மச்சான், நீங்களாவது சொல்லுங்க."

கணவர் துணிப்பையைப் பார்த்தார். அது அடிக்கும் என்று எதிர்பார்த்தது போலிருந்தது. "முப்பது வருஷமா நான் சொல்லி ஒண்ணு நடந்திருந்தா இதையும் சொல்லலாம் மச்சான்" என்றார்.

இந்த விஷயத்தில் வளையக்காவிடம் ஒரு தப்பு உண்டு. எல்லா நிலத்தையும் போய்ப் பார்க்கிறவர் தம்பியின் நிலத்தை மட்டும் இந்த வருடம் பார்க்கவில்லை. கூடப்பிறந்தவனின் வயலை வேவு பார்க்கப் போனாள் என்ற பேச்சு வேண்டாம் என்று விட்டுவிட்டார். ஆயுள் முழுக்கக் காகிதத்தை நம்பாதவர், அந்த ஒரு நிலத்துக்குக் காகிதத்தை நம்பி, முந்நூறு என்று சொல்லிவிட்டார். அதை ஒளிக்கவும் இல்லை. தம்பி கிளம்பும்போது அவரிடமே சொன்னார்: "உன் மேல தப்பு இல்ல. நான் வந்து பாத்திருக்கணும்." தப்பை ஒப்புக்கொண்டால் ஏதாவது இறங்கி வருவார் என்று நாங்கள் நினைத்தோம். அவருக்கு ஒப்புக்கொள்வது வேறு, இறங்கி வருவது வேறு.

செவ்வாய்க்கிழமை சங்கத்து அதிகாரி வந்தார். வரைபடத்தை ஒரு குழாயிலிருந்து உருவிப் பூண்டுக் கூடைகளின் மேல் விரித்தார்.

"படத்துல நிலம் உள்ளதாம்மா இருக்கு. வெளியன்னு நான் எழுத முடியாது."

"ஓடை எங்க ஓடுதுன்னு வந்து பாருங்க."

"ஓடை எங்க வேணாலும் ஓடட்டும். படம் மாறணும்னா மேல எழுதணும். வர ரெண்டு வருஷம் ஆகும். அதுவரைக்கும் சட்டப்படி இது சரிவுப் பூண்டு. நீங்க தாராளமா சீட்டுக் கட்டலாம்."

"அப்ப படத்தையே வேக வெச்சுச் சாப்பிடச் சொல்லுங்க ஓட்டல்காரனை" என்று சொல்லிவிட்டு, முப்பத்தெட்டுச் சீட்டையும் எடுத்து அவரிடம் நீட்டினார். அதிகாரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். சீட்டைக் கொடுப்பதற்குப் படிவம் இருக்கிறதாம், திருப்பி வாங்குவதற்கு இல்லையாம். அவர் போனதும் வளையக்கா சீட்டுகளைக் கொடுத்துக் கணவரைச் சங்கத்துக்கு அனுப்பினார், பெற்றுக்கொண்டதற்குக் கைச்சாத்து வாங்காமல் திரும்பக் கூடாது என்று. கணவர் அங்கே மூடுகிறவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்து, ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு வந்தார். லாரி ஓட்டிய காலத்தில் சோதனைச் சாவடிகளில்கூட இத்தனை நேரம் உட்கார்ந்ததில்லை என்றார்.

அன்று மாலைக்குள் மொத்தக்காரர் எட்டு முறை அழைத்துவிட்டார். எட்டாவது முறை கணவர் தொலைபேசியைக் காதில் வைக்காமல் கூடைக்கு மேலே நீட்டிப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, கேக்குதா? சட்டம் சரிங்குது, சங்கம் சரிங்குது. யாருமே குறை சொல்லாத பூண்டுல நீங்க ஏன்கா குறை கண்டுபிடிக்கறீங்க?"

"இருநூத்து அறுபத்திரண்டு பேரோட வரும். முப்பத்தெட்டு பேரில்லாம வரும். மொத்தம் முந்நூறு. சொன்னபடி இருக்குல்ல?"

"பேரில்லாதது எதுக்கு அவங்களுக்கு? ஒரே ஒரு தடவை கண்ணை மூடிக்கங்க. இருபத்து மூணு வீட்டுக்காக."

கத்தரி கொஞ்சம் நின்றது. "கண்ணை மூடிக்கலாம்" என்றார். "வெரலை என்ன பண்ண?"

எரிச்சலின் உச்சம் எனக்குப் புதன்கிழமை காலை வந்தது. பெட்டியின் பக்கப் பலகையில் சரிவுப் பூண்டு என்ற பெயரைச் சூடு போட்டுத்தான் கொடுப்பேன். முப்பத்தெட்டுப் பெட்டியில் அந்தப் பெயரை இழைத்து எடுக்க வேண்டும் என்றார் வளையக்கா. பலகையைத் திருப்பி உள்பக்கமாக அடித்துவிடுகிறேன் என்றேன். "உள்ள இருந்தாலும் பேருதானே" என்றார். காலடியில் சீவல் முழங்கால் உயரத்துக்குக் குவிந்த பிறகும் சில பலகைகளில் எழுத்தின் நிழல் தெரிந்தது. அவற்றைத் தனியே எடுத்து வைத்தார். "இது படிக்க வருது." மறுபடி இழைத்தேன். அந்த மனுஷிக்குப் பெட்டி அடிப்பதை விட்டுவிட்டுக் கதவு ஜன்னல் செய்யப் போய்விடலாம் என்று அன்று நினைத்த அளவுக்கு என்றும் நினைத்ததில்லை.

உள்ளே அவர் தம்பியின் பூண்டை வேர் நறுக்கிக்கொண்டிருந்தார். அதே கால் சுற்று, அதே ஒரு தோல், அதே வளையம். பத்து மணி சுமாருக்குத் தம்பி வந்தார். இரண்டு நாள் சவரம் செய்யாத முகம். வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பேரே இல்லாத பூண்டுக்கு எதுக்கு வளையம்?"

"பேரு சங்கம் குடுத்தது. வளையம் நான் போடறது. நின்னுட்டே இருக்காம ஒரு கத்தரியை எடு."

தம்பி கத்தரியை எடுத்து உட்கார்ந்தார். ஒரு கூடை நிறைந்தது. பிறகு தம்பி, "இனிமே அந்த நிலத்துல நான் என்னதான் போட?" என்று பூண்டிடம் கேட்பது போலக் கேட்டார்.

"வெங்காயம் போடு. அந்த வண்டலுக்கு உன்னை மாதிரியே கொழுகொழுன்னு வரும்." கொஞ்ச நேரம் கழித்து, "மேல்வரப்பு ஓரத்துல என் நிலத்துல பாதி சும்மாதான் கிடக்கு. சரிவு நல்லா இருக்கு. விதைப்பூண்டை அங்க எடுத்துட்டு வந்து நடு" என்றார். தம்பி ஒரு பூண்டுக்கு இரண்டு தோல் உரித்துவிட்டு, அக்கா பார்ப்பதற்குள் அதைக் கூடையின் அடியில் தள்ளினார். அவர் பார்த்துவிட்டார். எடுத்துத் தனியே வைத்தார்.

வியாழக்கிழமை மொத்தக்காரர் லாரியின் முன்னிருக்கையில் உட்கார்ந்து தானே வந்து இறங்கினார். முகம் கடுகடுவென்று இருந்தது. கணவருக்கு மட்டும் ஒரு வணக்கம்.

"நேத்து பூரா அவங்ககிட்ட மன்றாடினேன் அண்ணே. சரி, ஏத்திட்டு வாங்க, இறக்கிப் பாத்துட்டு முடிவு பண்றோம்னு சொல்லியிருக்காங்க. வேண்டாம்னு திருப்பி அனுப்பினா, அடுத்த வருஷம் நான் இந்தப் பக்கம் தலை வெச்சும் படுக்க மாட்டேன்."

"போன வருஷமும் படுக்கலையே. உக்காந்து டீ குடிச்சுட்டுதானே போனீங்க" என்றார் வளையக்கா.

சீட்டுக் கட்டிய இருநூற்று அறுபத்திரண்டு பெட்டிகளும் ஏறின. மொத்தக்காரர் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டார். முடிந்ததும் வளையக்காவின் அருகில் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, அந்தச் சீட்டையாவது என் கையில குடுத்துடுங்க. நீங்க கட்ட வேண்டாம். போற வழியில நான் கட்டிக்கறேன். பாவம் என்னோட போகட்டும்."

"சங்கத்துல இருக்கு. கைச்சாத்து வேணா பாக்கறீங்களா?"

மொத்தக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். லாரியில் ஏறி நின்றிருந்த ஓட்டுநர் சிரிப்பை மறைக்கத் துண்டால் முகத்தைத் துடைத்தார். தம்பியும் நானும் மிச்சப் பெட்டிகளைக் கிடங்கு வாசலுக்குக் கொண்டுவந்து வைத்தோம். இழைத்த பலகை புதுமரம் போல வெளுத்திருந்தது. மூடியில் கறுப்பு மையால் வளையக்கா தன் கையாலேயே எழுதியிருந்தார். பெரிய, கோணாத எழுத்துகள். கூலிக்காரர்கள் தூக்கப் போனபோது அவர்களை விலகச் சொல்லிவிட்டு, முதல் பெட்டியைத் தானே தூக்கி மொத்தக்காரரிடம் நீட்டினார். அவர் அந்தப் பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். பெட்டி வரவில்லை. வளையக்கா தன் பக்கத்தை விடவில்லை.

"என்னக்கா?"

"மூடியைப் படிங்க."

மொத்தக்காரர் உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்துவிட்டு மறுபடி இழுத்தார்.

"எனக்குக் கேக்கலை. இறக்கற இடத்துல அவங்களுக்கும் கேக்காது."

பத்துக் கிலோ பூண்டு இருவர் கைகளுக்கு நடுவில் தொங்கியது. மொத்தக்காரர் சுற்றிலும் பார்த்தார். கணவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் மொத்தக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை போல உரக்கப் படித்தார்:

"ஓடைக்கரைப் பூண்டு. சரிவுப் பூண்டு அல்ல. மூன்று மாதத்துக்குள் சமைத்துவிடவும்."

வளையக்கா கையை விட்டார். மொத்தக்காரர் பெட்டியை லாரியில் வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்தபடி திரும்பினார். அதற்குள் வளையக்கா இரண்டாவது பெட்டியைத் தூக்கி நீட்டியிருந்தார். மொத்தக்காரர் வந்து மறுபக்கத்தைப் பிடித்தார். வளையக்கா அதையும் விடவில்லை.